வெயில் ஆட்டத்தில் 60-ஆவது நிமிடமே கால் கனப்பது பற்றி

கால்பந்து ஆடும்போது மாலையில் 90 நிமிடமும் ஓட முடிகிறது, மதிய வெயிலில் 60-ஆவது நிமிடத்திலேயே கால் கனத்துவிடுகிறது, ஸ்டாமினா போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். மாலையில் முழு ஆட்டம் ஓடுகிறீர்களே, அப்புறம் எப்படிப் போயிருக்கும்? வெயிலில் உடம்புக்கு இரட்டை வேலை. தசைக்குப் போகும் ரத்தத்தோடு, சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும். வியர்க்க வியர்க்க ரத்தத்தின் அளவும் குறையும். அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். முதலில் அடிபடுவது வேக ஓட்டம்தான்.

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. ஜெர்சி காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புத் தடம் தெரிகிறதா? சரி, அப்போது வெறும் தண்ணீர் போதாது, உப்பும் வேண்டும். அதற்காக அளவில்லாமல் குடிக்காதீர்கள், அதுவும் ஆபத்து.

எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த வழி, ஒன்றிரண்டு வாரம் வெயிலிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சியைக் கூட்டுவது. உடம்பு பழகிக்கொள்ளும். 2014 உலகக் கோப்பையிலேயே வெப்பத்துக்காக ஆட்டத்தை இடையில் நிறுத்தித் தண்ணீர் குடிக்க விட்டார்கள். நீங்களும் நடுவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

யாராவது தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ உடனே ஆட்டத்தை நிறுத்தி, உடம்பெங்கும் குளிர்ந்த நீர் ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள்.