படப் புத்தகம் வாசிக்கும்போது ‘ம்’ கொட்ட வேண்டியது யார்?

கேட்டிருந்த கேள்வியைச் சுருக்கமாக முதலில் வைத்துக்கொள்கிறேன்: “என் மகளுக்கு இரண்டரை வயது. படப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் உட்கார்ந்து கேட்பதில்லை. படபடவென்று பக்கத்தைப் புரட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். புத்தகத்தில் உள்ளதை அப்படியே வாசிக்க வேண்டுமா, பேச்சில் சொல்லலாமா? எத்தனை புத்தகம் வாங்குவது?”

நான் ஆசிரியர் இல்லை, குழந்தை மருத்துவரும் இல்லை. வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். வேலை புதுச்சேரியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில், பைண்டிங் பிரிவு. பதினாறு வருடமாகத் தாள் மடிக்கிறேன், வெட்டுகிறேன், பின் அடிக்கிறேன். வீட்டில் மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று முடிந்து சில மாதங்கள். புத்தகம் செய்கிற வீட்டில் குழந்தைகள் தானாகப் படிக்கும் என்று நினைத்து ஏமாந்தவன் என்பதுதான் இந்தப் பதிலை எழுத எனக்கு இருக்கிற தகுதி.

மூத்தவளிடம் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு உங்கள் மகள் வயது இருக்கும்போது ஆட்டுக்குட்டிக் கதைப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். மடியில் உட்காரவைத்துக்கொண்டு, “இது என்ன? ஆடு. என்ன கலர்? கருப்பு. எத்தனை ஆடு இருக்கு? எண்ணு பார்ப்போம்.” நாலாவது பக்கம் வரைக்கும் பொறுத்துக்கொண்டாள். அப்புறம் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டு, “நீயே படிப்பா” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த என்னை ஒருத்தர் உட்காரவைத்து, எத்தனை ஃபாரம் மடித்தாய், எத்தனை பின் அடித்தாய் என்று கேட்டால் நானும்தான் எழுந்து போவேன்.

அதே பிள்ளை என் மாமியாரிடம் ஒரு மணி நேரம் அசையாமல் கதை கேட்பாள். மாமியாருக்குப் பண்ருட்டிப் பக்கம், முந்திரித் தோப்பு நடுவில் பிறந்து வளர்ந்தவர். கையில் புத்தகம் கிடையாது. ஒரே ஒரு கண்டிஷன்தான் போடுவார்: “ம் கொட்டணும். ம் கொட்டலன்னா கதை நின்னுடும்.” நம்மில் பாதிப்பேர் இப்படித்தானே கேட்டு வளர்ந்தோம். அந்த ‘ம்’ வெறும் பழக்கம் இல்லை என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. குழந்தை தூங்கிவிட்டதா, பயப்படுகிறதா, எங்கே இழுக்க வேண்டும், எங்கே சட்டென்று முடிக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒரு எழுத்தை வைத்தே பாட்டி தெரிந்துகொள்கிறார்.

படப் புத்தகத்தில் நான் கண்டுகொண்டது, அங்கே இது தலைகீழ் என்பதுதான். வாய்க்கதையில் படம் பாட்டியின் தலைக்குள் இருக்கிறது, அதனால் பாட்டி சொல்லக் குழந்தை ம் கொட்டுகிறது. படப் புத்தகத்தில் படம் குழந்தையின் கண் முன்னாலேயே இருக்கிறது. எழுத்து தெரியாததால் அதன் கண் முழுக்கப் படத்தில்தான். எழுத்து தெரிந்த நாம்தான் வரி வரியாக ஓடிப் படத்தைத் தவறவிடுகிறோம். அதனால் இங்கே குழந்தை சொல்லட்டும், நீங்கள் ம் கொட்டுங்கள்.

இளையவனிடம் நடந்ததைச் சொன்னால் புரியும். அப்போது அவனுக்கும் இரண்டரை. மீனா என்ற சிறுமி மழையில் குடை வாங்கப் போகும் கதை. இருபது தடவையாவது வாசித்திருப்பேன். ஒரு நாள் தொண்டை கட்டியிருந்ததால் வாசிக்காமல் பக்கத்தை மட்டும் விரித்து வைத்தேன். அவன் கீழ் மூலையில் விரலை வைத்து, “பூனை காலு நனையுது” என்றான். குனிந்து பார்த்தால், தள்ளுவண்டிக்கு அடியில் ஒரு பூனைக்குட்டி, ஒரு கால் மட்டும் வெளியே மழையில். நான் அதுவரை பார்த்ததே இல்லை. “ம்” என்றேன். “அதுக்குச் சளி புடிக்கும்.” “ம்.” “அவங்கம்மா திட்டும்.” “ம்... என்னன்னு திட்டும்?” அவ்வளவுதான், அவனுடைய அம்மா அவனைத் திட்டுகிற அத்தனையும் பூனைக்கு விழுந்தது. மீனா குடை வாங்கினாளா இல்லையா என்பதை அன்றைக்கு நாங்கள் பார்க்கவே இல்லை.

இதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது என்பது பின்னால் தேடிப் படித்தபோது தெரிந்தது. 1988-ல் அமெரிக்காவில் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் என்பவரும் அவர் குழுவும் இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோரை இரு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் வழக்கம்போல வாசித்தது. இன்னொரு கூட்டத்துக்கு ஆம், இல்லை என்று முடிகிற கேள்விகளைக் குறைத்து, குழந்தையைச் சொல்லவிட்டு, அது சொன்னதோடு ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். வாசித்த அளவு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே மாதத்தில் இரண்டாவது கூட்டத்துக் குழந்தைகள் பேச்சில் பல மாதங்கள் முன்னால் போயிருந்தார்கள். ‘பூனை நனையுது’ என்றால் ‘ஆமா, பூனைக்குட்டி தொப்பலா நனையுது’ என்று நாம் திருப்பிச் சொல்வதுதான் அந்த ‘ஒரு சொல் சேர்ப்பது’. அடுத்த தடவை தொப்பல் அவன் வாயிலிருந்தே வந்தது.

உங்கள் மகள் புரட்டுகிற விஷயத்துக்கு வருவோம். புரட்டட்டும், விடுங்கள். அச்சகத்துக்காரனாகச் சொல்கிறேன், படப் புத்தகத்தின் பாதிக் கதை புரட்டுவதில்தான் இருக்கிறது. பெரிய தாளை மடித்தால் 16 பக்கம் ஒரு ஃபாரம், இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32 பக்கம். நிறையப் படப் புத்தகங்கள் அந்த அளவில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒற்றைப்படைப் பக்கம் எப்போதும் வலது பக்கம் விழும். கெட்டிக்காரக் கதாசிரியர் ‘கதவைத் திறந்தால்...’ என்பதை அங்கே வைத்து, கதவுக்குப் பின்னால் இருப்பதைத் தாளைத் திருப்பினால் மட்டும் தெரிகிற மாதிரி அடுத்த பக்கத்தில் ஒளித்து வைப்பார். நீங்கள் அந்த வரியில் நிறுத்தி, தாளின் முனையை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். திருப்புகிற வேலை அவளுடையது என்று ஆனதும், எப்போது திருப்புவது என்று அவள் உங்கள் வாயைப் பார்ப்பாள். என் மகனுக்கு அது வர இரண்டு வாரம் ஆனது. அதற்கு முன்னால் அவனும் மாவு மெஷின் வேகத்தில்தான் புரட்டினான்.

அப்படியே வாசிப்பதா, பேச்சில் சொல்வதா? நல்ல கேள்வி, நம் ஊரில் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுக்கிற எல்லா அப்பா அம்மாவுக்கும் வருவது. புத்தகத்தில் ‘மழை வலுத்தது. மீனா கடையை நோக்கி ஓடினாள்’ என்று இருக்கும். நாம் வீட்டில் பேசுவது அப்படி இல்லையே. நான் முதல் சில நாள், “மழ புடிச்சுக்கிச்சு, மீனா கடப்பக்கம் ஓடுறா” என்றுதான் சொன்னேன். கதை பிடிபட்ட பிறகு, அதே கதையைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி மெதுவாக வாசித்தேன். குழந்தைக்கு அர்த்தம் ஏற்கெனவே கையில் இருப்பதால் புதுச் சொல் மிரட்டுவதில்லை, பாட்டு மாதிரி காதில் விழுகிறது. ஒரு மாதம் கழித்து நான் சோம்பேறித்தனமாக “ஓடுனா” என்றபோது, மகன் “ஓடினாள்!” என்று திருத்தினான். வீட்டிலும் கொஞ்ச நாளைக்கு “அம்மா ஓடினாள், பாட்டி குளித்தாள்” என்றே பேசித் திரிந்தான். பாட்டிக்குத்தான் ‘ள்’ போட்டதில் கொஞ்சம் வருத்தம்.

எதுகை மோனையோடு இருக்கிற பாட்டுப் புத்தகங்களை மட்டும் பேச்சுக்கு மாற்றாதீர்கள். தாளம் கெட்டுவிடும்.

எத்தனை புத்தகம்? ஐந்து போதும். ஒன்றையே நாற்பது தடவை கேட்பார்கள், நமக்குத்தான் அலுக்கும். 2011-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள்தான், வெவ்வேறு கதை கேட்டவர்களைவிடப் புதுச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். சென்னையின் தூலிகா, தாரா இரண்டும் 1990களிலிருந்து படப் புத்தகம் போடுகிறவை. தூலிகாவில் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கிற புத்தகங்களும் உண்டு. கை நிறையப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் நெய்வேலி புத்தகக் கண்காட்சி. காசே வேண்டாம் என்றால், பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், இறக்கி அச்சடித்துக்கொள்ள அனுமதியும் உண்டு. நான் நாலைந்தை அடித்து, நடுவில் மடித்து சென்டர் பின் போட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் செய்தால் பின்னின் வளைந்த முனை மேல் துணி டேப் ஒட்டுங்கள், பிஞ்சு விரலில் கீறிவிடும்.

நூலகத்தையும் விடாதீர்கள். புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகம் 1827-லிருந்து இருக்கிறது. ஆனால் நான் பிள்ளைகளை முதன்முதலில் கூட்டிப்போன ஒரு நூலகத்தில் சிறுவர் புத்தகங்கள் எல்லாம் கண்ணாடி பீரோவுக்குள், பூட்டோடு. “கிழிச்சிடுவாங்க சார்” என்றார்கள். கிழிப்பார்கள்தான். எங்கள் வீட்டில் கிழியாத புத்தகம் யாருக்கும் பிடிக்காத புத்தகம். கிழிந்ததை ஒட்டக் குழந்தையையே கூப்பிடுங்கள், டேப்பை நீங்கள் வெட்டிக் கொடுங்கள், அவள் தேய்க்கட்டும். அப்புறம் அந்தப் பக்கத்தை அவ்வளவு ஜாக்கிரதையாகத் திருப்புவாள்.

புத்தகமா, பாட்டி கதையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததே, அன்றைக்கு எங்களுக்குக் கரண்டு இல்லை, போனில் சார்ஜ் இல்லை, ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்கிறது. ஒரே டார்ச். அதையும் மிச்சம் பிடிக்க அணைத்துவிட்டோம். மாமியார் இருட்டில் ஏதோ ராஜா கதையை ஆரம்பித்தார். மூத்தவள் ம் கொட்டிக்கொண்டிருந்தாள். சின்னவனிடமிருந்து சத்தமே இல்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்தோம். ராஜா காட்டுக்குள் போகிற இடத்தில் இருட்டுக்குள்ளிருந்து கேட்டான்: “ஆயா, வண்டிக்கு அடியில பூனை இருக்குமே, அது இப்ப எங்க இருக்கும்?”

மாமியாருக்கு அந்தப் புத்தகமே தெரியாது. எந்தப் பூனை என்று கேட்கவும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதுவா? ராஜா அதத் தூக்கித் தன் சால்வைக்குள்ள வச்சிக்கிட்டாரு” என்றார்.

“ம்” என்றான்.