தராசு ஏன் சாயவில்லை?

வணக்கம் சார்,

ஆற்றுக்கும் அதற்கு மேலே இருக்கும் கால்வாய்க்கும் இடையே படகுகளை ஏற்றி இறக்கும் இங்கிலாந்தின் ஆண்டர்டன் படகு லிஃப்ட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். படகு மிதக்கும் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளும் தராசுத் தட்டுகள் மாதிரி, ஒன்று இறங்கினால் மற்றது ஏறும் என்று சொல்லியிருந்தீர்கள். ஒன்றில் சரக்கு ஏற்றிய படகும் மற்றதில் காலிப் படகும் நின்றால் தராசு சாயாதா? அப்புறம் இன்னொன்று. 1875-இல் கட்டியதை 1908-இல் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். 33 வருடத்தில் கைவிட்ட ஏற்பாட்டை இவ்வளவு கொண்டாட வேண்டுமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

சாயாது. அந்த லிஃப்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பாத்திரத்தில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி எடை போடுங்கள். பிறகு அதில் ஒரு கிண்ணத்தை மெதுவாக மிதக்க விடுங்கள். கொஞ்சம் தண்ணீர் வழியும். வழிந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி எடை போட்டால் முள் அதே இடத்தில்தான் நிற்கும். மிதக்கும் பொருள் தன் எடை அளவுக்குத் தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடிஸ் தத்துவம். ஆண்டர்டனில் தொட்டியின் கதவு திறந்திருக்கும்போது படகு உள்ளே வரும், அதன் எடைக்குச் சமமான தண்ணீர் கால்வாய்க்கே திரும்பிப் போய்விடும். உப்பு மூட்டைகளோடு வந்தாலும் சரி, வெறுமனே வந்தாலும் சரி, நீர்மட்டம் மாறாதவரை தொட்டியின் எடை 252 டன்தான்.

அப்படியானால் அது நகர்வது எப்படி? கீழே இருக்கும் தொட்டியில் மட்டும் 6 அங்குலம் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். சுமார் 15 டன் வித்தியாசம். ஒவ்வொரு தொட்டியையும் ஒரே ஒரு பெரிய பிஸ்டன் தாங்கி நிற்கும். நிலத்தடியில் உள்ள இரண்டு சிலிண்டர்களையும் ஒரு குழாய் இணைக்கும். வால்வைத் திறந்தால் கனமான தொட்டி இறங்கி, லேசானதை மேலே தள்ளும். கடைசிச் சில அடிகளில்தான் சிக்கல். இறங்கும் தொட்டி ஆற்றுக்குள் அமிழத் தொடங்கியதும் அதன் எடை குறைந்துவிடும். சமநிலையைக் கொடுத்த அதே ஆர்க்கிமிடிஸ் அங்கே அதைக் கலைத்துவிடுகிறார். அந்த மிச்ச உயரத்துக்கு மட்டும் நீராவி எஞ்சின் தேவைப்பட்டது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், ஆண்டர்டன் இருக்கும் செஷயர் வட்டாரத்தில் வீவர் ஆறு கீழே ஓடுகிறது, 50 அடி மேலே டிரென்ட் அண்டு மெர்சி கால்வாய். உப்பைச் சரிவுக் குழாய்களில் கொட்டியும், மற்ற சரக்கைக் கிரேன் வைத்துத் தூக்கியும் ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். லாக்குகளை, அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளை, அடுக்கிக் கட்ட அங்கே இடம் இல்லை. கட்டியிருந்தாலும் ஒவ்வொரு முறையும் கால்வாய்த் தண்ணீர் ஆற்றுக்குப் போயிருக்கும். வீவர் ஆற்று நிர்வாகத்தின் பொறியாளர் எட்வர்ட் லீடர் வில்லியம்ஸ், எட்வின் கிளார்க்கை அழைத்து வடிவமைக்கச் சொன்னார். பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சனின் பிரிட்டானியா பாலத்தில் வேலை பார்த்து, அந்தப் பாலத்தின் மாபெரும் இரும்புக் குழாய்களை ஹைட்ராலிக் முறையில், அதாவது திரவ அழுத்தத்தால், தூக்கிய அனுபவம் உள்ளவர் கிளார்க்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கைவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் தோற்றது எது என்று பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் கொடுக்க அவர்கள் பயன்படுத்தியது அந்தக் கால்வாய்த் தண்ணீரையேதான். சுற்றிலும் உப்பும் ரசாயனமும் விளைந்த மண். அந்தத் தண்ணீர் இரும்பு பிஸ்டன்களை அரித்துப் பள்ளம் பள்ளமாக்கியது. பள்ளங்களைத் தாமிரம் வைத்து அடைத்தார்கள். இரண்டு உலோகங்கள், நடுவே அமிலத் தண்ணீர்: அரிப்பு இன்னும் வேகமானது! 1882-இல் ஒரு சிலிண்டரே வெடித்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. 1897-இல் காய்ச்சி வடித்த நீருக்கு மாறினார்கள், அதற்குள் தாமதமாகிவிட்டது. என்னைக் கேட்டால் அங்கே தவறியது தண்ணீரைத் தேர்ந்தெடுத்ததில்தான். இரண்டு தொட்டிகள் ஒன்றையொன்று தூக்கும் யோசனையில் பழுதில்லை. கிளார்க்கின் அதே முறையில் பெல்ஜியத்தின் சென்டர் கால்வாயில் 1888 முதல் 1917 வரை நான்கு லிஃப்டுகள் கட்டினார்கள். அவற்றை 1998-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

1908 மாற்றத்தையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். போக்குவரத்தை மொத்தம் 49 நாட்கள் மட்டுமே நிறுத்தி, பழைய இரும்புச் சட்டகத்துக்கு மேலே புதிய சட்டகம் எழுப்பி, ஒவ்வொரு தொட்டிக்கும் சமனாக 252 டன் வார்ப்பிரும்பு எடைகளைத் தொங்கவிட்டு, மின்மோட்டார் வைத்தார்கள். இனி ஒரு தொட்டி மற்றதற்காகக் காத்திருக்க வேண்டாம். அது 1983 வரை ஓடியது. துரு அதையும் நிறுத்தியது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 2002-இல் பழுதுபார்த்துத் திறந்தபோது மறுபடி ஹைட்ராலிக் முறைக்கே போனார்கள். இந்த முறை சிலிண்டருக்குள் எண்ணெய். 1908-இன் பெரிய பல்சக்கரங்களை மேலேயே விட்டுவைத்திருக்கிறார்கள், அவை சுற்றுவதில்லை.