பித்தநாள எண்டோஸ்கோப்பிக்குப் பிறகு கணையம் வீங்குமா?

கேள்வி: என் மனைவிக்கு 34 வயது. ஸ்கேனில் பித்தப்பைக் கற்கள் தெரிந்தன. மஞ்சள் காமாலை இல்லை, ரத்தத்தில் பிலிருபின் (காமாலையில் கூடும் மஞ்சள் நிறமி) 0.7, பித்தநாளம் 5 மி.மீ. ‘நாளத்திலும் கல் இருக்கலாம், இ.ஆர்.சி.பி. என்ற பித்தநாள எண்டோஸ்கோப்பி செய்துவிடுவோம்’ என்கிறார்கள். இதைச் செய்த மறுநாளே என் சித்தி மகளுக்குக் கணையம் வீங்கி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பயமாக இருக்கிறது. — வாசகர், குலசேகரம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ‘இருக்கலாம்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பி இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

பித்தநாளமும் கணையநாளமும் இரண்டு வாய்க்கால்கள் போல; சிறுகுடலில் பெரும்பாலும் ஒரே மடையில் வந்து திறக்கின்றன. அந்த மடை சில மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சிறு முகிழ்தான். இ.ஆர்.சி.பி.யில் எண்டோஸ்கோப் வழியே அதற்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தும்போது அது கணையநாளத்துக்குள் போய்விடலாம். திரும்பத் திரும்ப முயன்றால் வாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். வெளியேற வழியில்லாத கணையநீர் கணையத்தையே அரிக்கும். இதுதான் கணைய அழற்சி. நூறு பேரில் ஏறக்குறைய 3 முதல் 10 பேருக்கு இப்படி ஆகிறது. பெரும்பாலும் சில நாட்களில் தணியும். சிலருக்கு உயிருக்கே உலை வைத்துவிடும்.

இளம் வயது, பெண், இயல்பான பிலிருபின், விரியாத பித்தநாளம், முன்பு ஒருமுறை கணைய அழற்சி வந்திருப்பது ஆகியவை ஆபத்தைக் கூட்டுபவை. இவற்றில் நான்கு உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. கண் மஞ்சளித்து, 12 மி.மீ. விரிந்த நாளத்தோடு வரும் முதியவருக்கு இந்த ஆபத்து குறைவு. அதாவது, தேவை குறைந்தவருக்குத்தான் ஆபத்து கூடுதல்.

ஆகவே முதலில் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனோ (நாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ.), எண்டோஸ்கோப் வழி அல்ட்ராசவுண்டோ செய்யச் சொல்லுங்கள். இவற்றில் நாளத்துக்குள் கம்பி நுழைவதில்லை. நாளத்தில் கல் இல்லையென்றால் பித்தப்பையை லேப்பராஸ்கோப்பியில் எடுத்தாலே போதும். கல் இருந்தால் இ.ஆர்.சி.பி. தேவை. வலி, மஞ்சள் காமாலை, குளிர்காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்கேன் மையத்து வாசலில் ஒருவர் நிற்பார். உங்கள் மருத்துவக் கோப்பை வாங்கிப் புரட்டுவார். ‘இன்றே சேர்ந்தால் பெட் இருக்கிறது, காப்பீட்டு அட்டை இருந்தால் மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பார். களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் வரை வண்டியும் ஏற்பாடு செய்வார். நோயாளியைச் சேர்த்துவிட்டால் அவருக்குக் கமிஷன். சிகிச்சை தேவையா என்பது அவர் கவலை அல்ல. கோப்பை எவர் கையிலும் கொடுக்காதீர்கள். நாகர்கோவிலை ஒட்டிய ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரண்டாவது கருத்துக் கேட்க எந்தத் தரகரும் வேண்டாம்.

இ.ஆர்.சி.பி. உறுதியானால், ‘ஆசனவாயில் வைக்கும் மாத்திரை கொடுப்பீர்களா?’ என்று கேளுங்கள். டைக்ளோஃபினாக் அல்லது இண்டோமெதசின், 100 மி.கி. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலும் ஆபத்து கூடிய 602 பேரில் இண்டோமெதசின் மாத்திரை பெறாதவர்களில் 16.9 சதவீதத்தினருக்கு அழற்சி வந்தது, பெற்றவர்களில் 9.2 சதவீதத்தினருக்கு மட்டுமே வந்தது. சிறுநீரகக் கோளாறோ வலி மாத்திரை ஒவ்வாமையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விலை மலிவான இந்த மருந்து தரப்பட்டதா என்ற குறிப்பே என்னிடம் வரும் பல கோப்புகளில் இல்லை. கம்பி கணையத்துக்குள் போனதா, அங்கே ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்தார்களா என்பதும் இல்லை. ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று ஒரு வரி, பிறகு இரண்டு பக்கத்துக்கு பில். இதை எத்தனை முறை சொல்வது?

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நம் பக்கத்திலும் கேரளத்திலும் கணையத்திலேயே கல் உண்டாகும் நாட்பட்ட நோய் இருக்கிறது. மரச்சீனிக் கிழங்குமேல் பழி போட்டார்கள், அது நிரூபிக்கப்படவில்லை. ‘கணையம் ஏற்கெனவே கெட்டது, தொட்டால் போச்சு’ என்று இந்த நோய் உள்ளவர்கள் நடுங்குகிறார்கள். உண்மையில் இவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. தழும்பேறி இறுகிய கணையத்தில் செரிமான நீர் சுரக்கும் திசு குறைந்துபோயிருக்கும். வீங்குவதற்கு அங்கே அதிகமில்லை. முன்பு திடீரென்று கணைய அழற்சி வந்து குணமானவர் கதை வேறு. அவருக்கு ஆபத்து கூடுதல். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள், மருத்துவரிடம் எது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

செய்துகொண்ட அன்றிரவு கவனம் தேவை. தக்கலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு மாலையில் வீடு திரும்பியதும் மேல்வயிற்றில் வலி. வாயு என்று ஓமநீர் கொடுத்தார்கள், பிறகு மருந்துக்கடை மாத்திரை. விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வளைந்தபடியே ஆட்டோவிலிருந்து இறங்கினார், நிமிர முடியவில்லை. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் வலியும் வாந்தியும் இருந்தால் எதுவும் சாப்பிடக் கொடுக்காமல், செய்த இடத்துக்கே உடனே திரும்புங்கள். வலியே இல்லாமல் ரத்தத்தில் அமைலேஸ் என்ற செரிமான நொதி மட்டும் கூடியிருந்தால் அது கணைய அழற்சி அல்ல.