கேள்வி பதில்: கொசு இல்லாத நாடு

கே: எல்லாம் நல்லபடியாக நடக்கும் உலகத்தைப் பற்றிய கதை உங்களுக்குப் பிடிக்குமா, எல்லாம் நாசமாய்ப் போன உலகத்தைப் பற்றியதா?
(வாசகர், திருச்சி)

ப: கை போவது இரண்டாவது பக்கம், ஆசை முதலாவது மேல். நல்ல உலகக் கதைகளில் பெரும்பாலும் கதையே இருக்காது. வெளியூர்க்காரன் ஒருவன் வந்து இறங்குவான், உள்ளூர் ஆள் கூட்டிக்கொண்டுபோய் இது எங்கள் பள்ளிக்கூடம், இது எங்கள் சந்தை என்று காட்டிக்கொண்டே போவார், அவன் ‘அடடா’ போட்டபடி பின்னால் நடப்பான், பொருட்காட்சியில் அரசுத் துறை ஸ்டால்களைச் சுற்றுகிற மாதிரி. டெல்லி அப்பளம்கூடக் கிடைக்காது. கம்பருக்கு இது தெரிந்திருக்கிறது. கோசலத்தில் வறுமை இல்லை, அதனால் கொடைக்கு வேலை இல்லை. பொய் இல்லை, அதனால் உண்மை என்று தனியாக ஒன்று இல்லை என்று நாட்டுப்படலத்தில் அழகாகப் பாடினார். ஆனால் கதை நகர வேண்டும் என்றபோது கூனியை உள்ளே விட வேண்டியிருந்தது.

கே: ‘யுடோப்பியா’ என்ற சொல்லைத் தந்த புத்தகத்தை இன்று படிக்க முடியுமா?
(வாசகி, மதுரை)

ப: முடியும், சின்னப் புத்தகம்தான். தாமஸ் மோர் 1516இல் லத்தீனில் எழுதியது. கிரேக்கச் சொற்களைப் பிசைந்து வைத்த பெயர், ‘இல்லாத இடம்’ என்றும் ‘நல்ல இடம்’ என்றும் காதில் விழும். புத்தகத்தில் வரும் கற்பனைத் தீவில் நாளுக்கு 6 மணி நேரம்தான் வேலை. தங்கத்தை யாரும் மதிப்பதில்லை, மூத்திரச் சட்டி செய்ய வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் பார்த்தால் அடிமைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தங்கச் சங்கிலி. ஊர் விட்டு ஊர் போக அனுமதிக் கடிதம் வேண்டும், அது இல்லாமல் இரண்டாம் முறை பிடிபட்டால் நீங்களும் அடிமை. 2020இல் இ-பாஸுக்கு அலைந்தவர்கள் இந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்றுதான் போவார்கள். எனக்குப் புத்தகம் பிடிக்க ஆரம்பித்ததே இங்கேதான். இனிப்புக்கு நடுவே கல் கடிபட வேண்டும். உர்சுலா லெ குவின் 1974இல் எழுதிய ‘தி டிஸ்பொஸஸ்டு’ம் அப்படித்தான், தனிச்சொத்தும் அரசாங்கமும் இல்லாத வறண்ட ஒரு நிலா, ஆனால் அங்கேயும் ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சியை மூத்தவர் ஒருவர் பொறாமையில் அமுக்குகிறார். ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

கே: இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் விவகாரமா? நம் பக்கம் யாரும் எழுதவில்லையா?
(வாசகி, கோவை)

ப: எழுதியிருக்கிறார், அதுவும் ஒரு பெண். ரொக்கையா சகாவத் ஹுசைன், வங்காளத்துக்காரர். ‘சுல்தானாவின் கனவு’ என்ற அந்த ஆங்கிலக் கதை 1905இல் முதலில் வெளிவந்தது நம் மெட்ராஸில், கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில். பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டுச் சமைத்துக்கொண்டு பிள்ளை பார்க்கிறார்கள். அடுப்பில் புகை இல்லை, வெயிலைச் சேமித்து வைத்துச் சமையல். மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கிறார்கள். படையெடுத்து வந்த எதிரியை, சூரிய வெப்பத்தைக் குவித்து அடித்தே விரட்டுகிறார்கள். ஆபீஸ் வேலை நாளுக்கு 2 மணி நேரம் போதுமாம், ஆண்கள் 7 மணி நேர வேலையில் 6 மணி நேரத்தைச் சுருட்டுப் பிடித்தே வீணாக்குகிறார்கள் என்று கணக்கும் சொல்கிறார்! ரொக்கையாவின் கணவர் இதை நின்றபடியே படித்து முடித்து, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம். இவ்வளவு சிரித்துக்கொண்டே கோபப்பட்ட கதை நான் படித்த வரையில் வேறு இல்லை. ஒரே மூச்சில் படித்துவிடலாம், படியுங்கள்.

கே: பத்தாவது படிக்கும் என் மகள் உலகம் அழியும் கதைகளாகவே படிக்கிறாள். பயமாக இருக்கிறது.
(வாசகி, சேலம்)

ப: படிக்கட்டும் அம்மா. அந்த வயதில் யூனிஃபார்ம், மணி, மார்க், வரிசை என்று இருப்பவர்களுக்கு அது கற்பனையாகவே தோன்றாது. லோயிஸ் லோரியின் ‘தி கிவர்’ (1993) வாங்கிக் கொடுங்கள். முதலில் எல்லாம் ஒழுங்கான ஊர்போலத்தான் தெரியும், அந்த ஊரில் யாருக்கும் நிறமே தெரியாது என்பது பிறகுதான் புரியும். அவள் படித்து முடித்ததும் நீங்களும் படியுங்கள்.

கே: சரி, இந்த நாடுகளில் உங்களுக்கு எது வேண்டும்?
(அதே திருச்சி வாசகர்)

ப: சுல்தானாவின் நாடுதான். நான் ஆண் என்பதால் வாசலைத் தாண்ட முடியாது, சமையலும் என் தலையில்தான். பரவாயில்லை. அங்கே கொசுக்கடியே கிடையாதாம்.