பூல் மேசை ஆட்டத்தில் நேர் ஷாட் எல்லாம் விழுகிறது, காயைக் கோணத்தில் திருப்பி அனுப்பும் கட் ஷாட் மட்டும் தவறுகிறது. குறி பார்க்கச் சரியான முறை எது?

நீங்க காய் மேல (பாக்கெட்டில் விழ வேண்டிய பந்து) வெள்ளைப் பந்து தொட வேண்டிய புள்ளியைக் கண்டுபிடிச்சு, குச்சியை அதுக்கே நேரா நீட்டுறீங்கன்னு நினைக்கிறேன். கோளாறே அங்கதானுங்க. பூல் பந்தோட விட்டம் 57 மி.மீ. வெள்ளைப் பந்தின் நடு அந்தப் புள்ளியை எட்டுறதுக்கு முன்னாடியே அதன் பக்கவாட்டு, காயில் தடிப்பா, அதாவது நடுப்பக்கமாப் பட்டுரும். காய் வேணுங்கிற அளவு திரும்பாம, பாக்கெட்டை விட்டு விலகிப் போயிரும்.

வெள்ளையின் நடு போய்ச் சேர வேண்டிய இடம் வேற. பாக்கெட்டிலிருந்து காயின் நடு வழியாக் கோடு இழுங்க. அதே கோட்டில், காயின் நடுவிலிருந்து ஒரு பந்து அகலம் பின்னால வர்ற இடம்தான் குறி. இதைத்தான் கோஸ்ட் பால்னு சொல்றது. பழகும்போது அங்க நிஜமாவே ஒரு பந்தைக் காயோட ஒட்டி வெச்சு, அது உக்காந்த இடத்தைப் பாத்துட்டு, எடுத்துட்டு அடிங்க.

இல்லாத பந்து கண்ணுக்குத் தெரியலைங்கிறவங்களுக்குப் பின்னக் கணக்கு. குச்சி காயின் ஓரத்துக்கு நேரா இருந்தா வெள்ளை காயைப் பாதி மறைக்கும், அது அரைப்பந்து; காய் வெள்ளை வந்த திசையிலிருந்து 30 டிகிரி விலகிப் போகும். நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதி வழியில இருந்தா முக்கால் பந்து, ஏறத்தாழ 14 டிகிரி. ஓரத்துக்கு 14 மி.மீ. வெளியே இருந்தா கால் பந்து, 49 டிகிரிக்குக் கிட்ட. "கைப்பழக்கம் போதும், கணக்கு எதுக்கு"ன்னு கேக்கிறவங்க இருக்காங்க. பழகின கைக்குச் சரி. பழகுற கைக்கு ஒரு அளவு வேணும்.

குறி சரியா இருந்தும் தவறுதுன்னா பந்தைத் துடைச்சுப் பாருங்க. மோதும்போது உரசல் காயைக் கொஞ்சம் இழுத்துட்டுப் போகும். அழுக்கு, குச்சி நுனியில் தேய்க்கிற சாக் தூள் இருந்தா இன்னும் அதிகம். வெள்ளை உருளாம, சறுக்கிட்டே மெதுவாப் போய்ப் பட்டா ரொம்ப அதிகம். அதுக்கு ஒரு நூல் மெலிசா, காயின் ஓரப்பக்கமாக் குறி வைங்க. சைடு கொடுத்தும், அதாவது வெள்ளையின் பக்கவாட்டில் அடிச்சுச் சுழல விட்டும் சரிக்கட்டலாம், ஆனா சைடு வெள்ளையையே கோட்டை விட்டு விலக்கும், அதனால இப்போதைக்கு வேண்டாம். ஆடிக் காத்துல பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து புழுதி வாரி அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு, வாரக்கணக்கில் பந்தைத் துடைக்காத பார்லர்கள் நம்ம ஊர்ப்பக்கம் உண்டு. மணிக்கணக்குக் காசு மட்டும் குறையாது!

இன்னொண்ணும் சொல்லியாகணும். பூல் ஆடுறவன்னாலே ஊர்சுத்தின்னு முடிவு கட்டிர்றாங்க. மேட்டுப்பாளையத்துக்கு மேல இருக்கிற ஊட்டி கிளப்பில்தான் 1882இல், பூல் மாதிரியே குச்சியால பந்தடிக்கிற ஸ்னூக்கர் ஆட்டத்தோட விதிகளை எழுதி மாட்டினாங்க. பக்கத்து மலையில் விதி கண்ட விளையாட்டோட உறவுக்காரனை இவ்வளவு இளக்காரமாப் பாக்கிறது எனக்குப் பொறுக்கலைங்க.

சரி, மனசு. முடிவெல்லாம் நின்ன நிலையிலேயே எடுத்துருங்க: கோடு, வேகம், வெள்ளை எங்க நிக்கணும். அந்தக் கோட்டின் மேலயே கால் வெச்சு நேராக் குனியுங்க. குனிஞ்சப்புறம் கோணம் தப்புன்னு தோணி மணிக்கட்டைத் திருப்பினா குச்சி வளைஞ்சு போகும். ஒத்திகை பாக்கையில் பார்வை வெள்ளைக்கும் காய்க்கும் மாறலாம். கடைசி இழுப்பில் ஒரு நொடி நிறுத்தி, காயின் மேலயே கண்ணை வெச்சு அடிங்க. நடுவுல சந்தேகம் வந்தா அடிக்காதீங்க. எழுந்து, சாக் போட்டு, கோட்டை முதலிலிருந்து பாத்துட்டு மறுபடி குனியுங்க.