நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்': உங்கள் கிற்றாரில் பழுதில்லை

வணக்கம். ஆங்கிலேயப் பாடகரும் கிற்றார்க் கலைஞருமான நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' இசைத்தொகுப்பிலுள்ள முதற் பாடலை, இணையத்திற் கிடைத்த கோர்ட்டுகளை (chords, சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை) வைத்துக் கல்முனையில் எத்தனை தடவை வாசித்தும் ஒலி ஒத்துவரவில்லை என்றும், கிற்றாரில்தான் பழுதோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிற்றாரிலும் பழுதில்லை, விரல்களிலும் பழுதில்லை, சுருதிதான் வேறு.

அப்பாடலுக்கு அவர் வழமையான சுருதியைக் கைவிட்டு, தடித்த தந்தியிலிருந்து சி, ஜி, சி, எஃப், சி, ஈ என்று கூட்டி, இரண்டாம் ஃபிரெட்டில் (கிற்றார்க் கழுத்தின் குறுக்குக் கட்டையில்) கபோ எனும் தந்தி அழுத்தும் பிடிப்பானைப் பூட்டி வாசித்திருக்கிறார். தடித்ததான ஆறாம் தந்தியை நான்கு அரைச்சுரமும் (ஒரு ஃபிரெட்டின் இடைவெளி ஓர் அரைச்சுரம்), ஐந்தாம், நான்காம், மூன்றாம் தந்திகளைத் தலா இரண்டு அரைச்சுரமும் தளர்த்தி, இரண்டாவதை மட்டும் ஓர் அரைச்சுரம் ஏற்றுங்கள். முதலாவதைத் தொட வேண்டாம். தளர்ந்த ஆறாம் தந்தி ஃபிரெட்டுகளில் பட்டு இரைந்தால், சற்றுத் தடித்த தந்தி போடுவதே வழி. (கல்முனையிலும் சரி, இங்கே கல்லடியிலும் சரி, கடற்காற்றில் தந்தி விரைவில் துருவேறுவதால் எப்படியும் மாற்றத்தான் வேண்டியிருக்கும், வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.)

1972இல் வெளியான இத்தொகுப்பு அரை மணி நேரங்கூட ஓடாது. குரலுக்கும் கிற்றாருக்கும் அப்பால், நீங்கள் பழகும் இப்பாடலில் வரும் சிறிய பியானோத் துணுக்கு மட்டுமே மேலதிகம் என்பதால், திறந்த தந்திகளின் கார்வை அடங்கும் வரை கேட்கிறது. என் மட்டில் இதற்கு ஈடான கிற்றார்த் தொகுப்பு வேறில்லை. சுருதி மாற்றுவது சலிப்பைத் தந்தால் 'திங்ஸ் பிஹைன்ட் த சன்' பாடலை வழமையான சுருதியிலேயே வாசிக்கலாம், ஆனால் வலக்கைக்கு வேலை அதிகம்.