பேட்டரி வண்டி வாங்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல்லடத்திலிருந்து திருப்பூரில் உள்ள ஒரு பனியன் கம்பெனிக்குக் கணக்கு வேலைக்காகத் தினமும் போக வர 32 கிலோமீட்டர் செல்கிறேன்; இரவு எட்டு மணிக்கு மேல்தான் திரும்புவேன். பதிவும் உரிமமும் தேவையில்லாத, 25 கிலோமீட்டர் வேக வண்டியே போதும், விலையும் குறைவு என்கிறார் கடைக்காரர். பதிவெண் உள்ள ஸ்கூட்டராக, இருப்பதிலேயே பெரிய பேட்டரியோடு வாங்கச் சொல்கிறார் அண்ணன். எதைக் கேட்பது?
– வாசகி, பல்லடம்

பதில்: அண்ணன் சொல்வதில் முதற்பாதி சரி, பிற்பாதியைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும்.

மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருக்கும் வண்டியைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை என்பதால்தான் அதற்குப் பதிவும் உரிமமும் கேட்கப்படுவதில்லை. மளிகைக் கடைக்கும் குழந்தையின் பள்ளிக்கும் போய் வர அது தாராளமாகப் போதும். கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி வேன்களும் ஓடும் உங்கள் சாலையில், இருட்டிய பிறகு, மற்றவர்களின் பாதி வேகத்தில் ஓரமாக ஊர்ந்து வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேகக் கட்டுப்பாட்டை எடுத்துத் தருகிறோம் என்று சில கடைகளில் ஆசை காட்டுவார்கள். எடுத்த பிறகு அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம். யார் மீதாவது மோதினால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

அடுத்தது பேட்டரி. விளம்பரத்தில் வரும் கிலோவாட் ஹவரும் (ஆயிரம் வாட் ஹவர்) நம் மின் கணக்கின் யூனிட்டும் ஒன்றுதான். ஒருவர் மட்டும் போகும் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 30 வாட் ஹவர் எடுக்கும் என்று கொண்டால், உங்கள் அன்றாடப் பயணத்துக்கு ஒரு யூனிட் அளவில் செலவாகும். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம் பக்கம் எப்படித் தள்ளும் என்பது உங்களுக்கே தெரியும். எதிர்காற்றிலும், பின்னால் ஓர் ஆள் ஏறினாலும் செலவு கூடும். வருடம் ஆக ஆகப் பேட்டரியின் கொள்ளளவும் குறைந்துகொண்டே வரும். 2.5 யூனிட் பேட்டரி 70 சதவீதமாகத் தேய்ந்த பிறகும் 1.75 யூனிட் தரும் என்பதால், அந்த அளவு உங்களுக்குப் போதும். இரவில் சார்ஜ் போட மறந்தாலும் மறுநாள் வண்டி ஓட வேண்டும் என்று நினைத்தால் 3 யூனிட் வாங்கலாம். அதற்கு மேல் கொடுக்கும் பணம் வீண். ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர் என்று நிறுவனங்கள் அச்சிடுவது சோதனைக் கூடக் கணக்கு. அதில் முக்கால் பங்கை நம்பினால் ஏமாற்றம் இருக்காது.

வீடு வாடகையா சொந்தமா என்று நீங்கள் எழுதவில்லை. வாடகை என்றால், முன்பணம் கட்டும் முன் வீட்டுக்காரரிடம் கேட்டு, வண்டி நிற்கும் இடத்தில் நல்ல எர்த் உள்ள பிளக் ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போடுவது கூடாது. மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிடுவதும் கூடாது. வெயிலில் வந்த வண்டியை நிறுத்திய உடனே பிளக்கில் மாட்டாமல், பேட்டரியின் சூடு தணிய விடுங்கள்.

நிறுவனத்தின் பெயரைவிட, பல்லடத்திலோ திருப்பூரிலோ அதற்குச் சர்வீஸ் இருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். சனிக்கிழமை மாலையில் அங்கே போய், காத்திருப்பவர்களிடம் வண்டி எத்தனை நாளாக உள்ளே கிடக்கிறது என்று கேளுங்கள். தொடுதிரையும் பாட்டுப் பெட்டியும் இருக்கும் வண்டி, உதிரி பாகம் கிடைக்காமல் வாரக்கணக்கில் நின்றால் அவற்றால் என்ன பயன்?

கேள்வி: வாரத்தில் மூன்று நாள் பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறி வேலைக்குப் போகிறேன். பேட்டரி வண்டி தாங்குமா?
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: தாங்கும், ஆனால் எல்லா வண்டியும் அல்ல. ஆளும் வண்டியும் சேர்ந்து 200 கிலோ என்றால், ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் மோட்டாரின் இழப்பையும் சேர்த்து 70 வாட் ஹவர் அளவில் கூடுதலாகச் செலவாகும். அதைவிடப் பெரிய சிக்கல் சூடு. 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் மெதுவாக, முழு விசையோடு ஏறும்போது மோட்டார் கொதித்து, தன்னைக் காத்துக்கொள்ள விசையைக் குறைத்துவிடும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் உச்ச ஆற்றல் சில நொடிகளுக்கானது. தொடர்ந்து எவ்வளவு தரும் என்பதைக் கேளுங்கள். சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டாரைவிட, பெல்ட்டாலோ செயினாலோ சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார் ஏற்றத்துக்கு நல்லது. வாங்கும் முன் மலையில் ஒரு முறை ஓட்டிப் பார்க்க அனுமதிக்காத ஷோரூமை விட்டுவிடுங்கள். மேலே தங்கிச் சார்ஜ் போட்டால் முழுமையாக ஏற்ற வேண்டாம். இறக்கத்தில் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி, உண்டாக்கித் திருப்பி அனுப்பும் மின்சாரத்தை நிறைந்த பேட்டரியால் வாங்க முடியாது, பிரேக்கின் மீதே முழுச் சுமையும் விழும்.

கேள்வி: நண்பர் 2021இல் வாங்கிய பேட்டரி ஸ்கூட்டரை மலிவாகத் தருகிறார். வாங்கலாமா?
– வாசகர், கோபி

பதில்: 2022இல் வண்டிகள் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தன, இந்த வண்டி அதற்கு முந்தையது. நிறுவனத்தின் சர்வீஸில் பேட்டரியின் மீதிக் கொள்ளளவை எழுத்தில் வாங்கி, உத்தரவாதம் உங்கள் பெயருக்கு மாறுமா என்றும் கேளுங்கள். இரண்டில் ஒன்று கிடைக்காவிட்டாலும், புதிய பேட்டரியின் விலையையும் சேர்த்துத்தான் அந்த வண்டியின் விலையைக் கணக்கிட வேண்டும்.